வாசலடிக் கதிரை

முன்னால் இல்லாத ஆளைப் பற்றி ஒரு வார்த்தையும் கதைக்காமல் ஒரு பகற்பொழுதைக் கழித்துப் பாருங்கள். சீனி போடாத தேத்தண்ணி மாதிரி இருக்கும். நான் லொறி ஓட்டினவன். முல்லைத்தீவுக்கும் மாங்குளத்துக்கும் இடையில் எந்தக் கடையில் லொறியை நிறுத்தினாலும், அன்றைக்கு அந்தக் கடைக்கு வராத ஆளைப் பற்றித்தான் கதை நடக்கும். நானும் சேர்ந்துகொள்வேன். பொய் ஏன் சொல்ல, நல்ல ருசியோடுதான் சேர்ந்துகொள்வேன். எனக்கு வாய் நீளம். தண்ணீரூற்றில் என்னுடைய உம்மா அதைச் சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தா.

அப்படிப்பட்ட நான் இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிற மனிதர், ஆள் இல்லாத இடத்தில் ஆளைப் பற்றி நல்லதும் கதைக்கமாட்டார், கெட்டதும் கதைக்கமாட்டார். இதில் பெரிய பகிடி என்னவென்றால், ஆட்களைப் பற்றிக் கதைப்பதுதான் அவருடைய உத்தியோகமே.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றி இவ்வளவு எழுதுவதே அவருக்குப் பிடிக்காத காரியம். பெயரையும் எழுதினால் எங்கிருந்தாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கிவிடுவார்.

அறுபதுகளில் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பெரிய மரக்காலை இருந்தது. கொழும்புக் கொம்பனி ஒன்றின் கிளை. காட்டில் தறித்த மரத்தைக் கொண்டுவந்து அரிந்து, சட்டமும் பலகையுமாக அனுப்புகிற இடம். அங்கே ஆட்களை வேலைக்கு எடுப்பது, லீவு கொடுப்பது, இடம் மாற்றுவது, சண்டை தீர்ப்பது, வேலையால் நிறுத்துவது என்று மனிசரோடு சம்பந்தப்பட்ட அலுவல் எல்லாம் இவருடைய மேசைக்குத்தான் வரும். மரத்தைப் பார்க்க மனேச்சர், மனிசரைப் பார்க்க இவர். நாங்கள் அவரை ஆளணி ஐயா என்று கூப்பிட்டோம்.

மெலிந்த ஆள். வெள்ளைக் காற்சட்டையின் கால் சைக்கிள் சங்கிலியில் படாமல் ஒரு கிளிப் போட்டிருப்பார். கந்தோருக்குள் வந்து தன் மேசையடியில் இருந்த பிறகும் அதைக் கழற்ற மறந்துபோவார். குரல் தாழ்ந்தது. ஆனால் அந்தக் குரலில் இரண்டு சொல் வைத்திருந்தார். அதைக் கேட்டால் ஃபோர்மன் முதல் மனேச்சர் வரைக்கும் எல்லாருக்கும் எரிச்சல் வரும்.

"ஆள் இல்லை."

அவ்வளவுதான். ஃபோர்மன் மூச்சு வாங்க ஓடி வந்து, "ஐயா, அந்த வாள்காரன் என்ன செய்தவன் எண்டு தெரியுமோ?" என்று தொடங்குவார். இவர் கண்ணாடியைக் கழற்றுவார். சேட்டு நுனியால் துடைப்பார். "ஆள் இல்லை. கூப்பிடுவம், இரும்" என்பார். மரம் அரிகிற அந்த வாள்காரனைக் கூட்டிவரப் பியோன் போவார். மரக்காலை பெரிய வளவு. அந்தக் கடைசித் தொங்கலில் இருந்து ஆள் நடந்து வருமட்டும் ஃபோர்மன் கதிரை நுனியில் இருந்து நெளிவார். ஆள் வந்து நின்றதும், "இப்ப சொல்லும்" என்பார் ஐயா. அதற்குள் முறைப்பாடு பாதியாகச் சுருங்கிவிடும். மிச்சப் பாதியையும், வந்தவனுடைய முகத்தைப் பார்த்துப் பார்த்து, "பெரிசா ஒண்டும் இல்லை ஐயா" என்று ஃபோர்மனே விழுங்கிவிடுவார்.

வீட்டிலும் இதே கூத்துத்தான். அவருடைய மனைவி நல்லாகக் கதைக்கிற மனிசி. அவாவே ஒருமுறை எனக்குச் சொன்ன கதை இது. பக்கத்து வீட்டுக்காரியின் கோழிகள் வந்து இவாவுடைய கீரைப்பாத்தியைக் கிளறிப்போட்டன. பின்னேரம் மனுசன் வந்து சாப்பாட்டுக்கு இருந்ததும், "இவளுக்குக் கோழியை அடைக்கத் தெரியாது, வாயை மட்டும் திறக்கத் தெரியும்" என்று தொடங்கியிருக்கிறா. ஐயா சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போய் வேலிக்கு மேலால் கூப்பிட்டாராம்: "பிள்ளை, ஒருக்கா இஞ்சால வந்திட்டுப் போங்கோ. உங்களைப் பற்றி ஒரு கதை நடக்கப்போகுது."

"எனக்கு எங்க முகத்தை வைக்கிறது எண்டு தெரியேல்லைத் தம்பி," என்றா அவா. "அவள் வந்து குசினி வாசல்ல நிக்கிறாள். நான் என்ன செய்ய? இருந்து சாப்பிடு எண்டன். ரெண்டு பேரும் சாப்பிட்டம். பிறகு அவளே கோழியை அடைச்சாள். ஆனா பாருங்கோ, கலியாணம் முடிச்ச நாள் துவக்கம் இந்த வீட்டில ஒரு நல்ல வம்புக்கதை கதைச்சதில்லை நான்!"

கலியாணப் பேச்சு வந்தாலும் விடமாட்டார். பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளை வேலை செய்யும் இடத்துக்கு வந்து, பெடியன் எப்படி என்று மெல்ல விசாரிப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். அப்படி ஒருமுறை செட்டிகுளத்தில் இருந்து ஒரு தகப்பன் வந்தார். மரம் அளக்கிற பெடியன் ஒருவனைப் பற்றிக் கேட்கத்தான் வந்தவர். ஐயாவுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் நெருங்கி இருந்து, "பெடியன் எப்பிடி, பழக்கவழக்கம் என்ன மாதிரி?" என்றார். ஐயா பெடியனையே கூப்பிட்டுவிட்டார். பெடியன் மரத்தூள் படிந்த சாறத்தோடு வந்து நிற்கிறான்.

"இவர் உம்மைப் பற்றிக் கேக்க வந்திருக்கிறார். இரும். ஐயா, இனிக் கேளுங்கோ."

தகப்பனுக்கு வியர்த்துவிட்டது. கடைசியில், "தம்பி குடிக்கிறனீரோ?" என்று கேட்டேவிட்டார். பெடியன் சாறத்து மரத்தூளைத் தட்டிவிட்டு, "ஓம். சம்பளம் எடுக்கிற அண்டைக்குக் கொஞ்சம்" என்றான். நாங்கள் வெளியில் லொறியில் மரம் ஏற்றிக்கொண்டு நின்ற ஆட்கள் எல்லாரும், சரி, கலியாணம் குழம்பிச்சுது என்று தலையில் அடித்துக்கொண்டோம். தகப்பன் என்ன செய்தார் தெரியுமா? அந்த ஆவணியில் பெண்ணைக் கொடுத்தார். கேட்டால், "என்ர முகத்துக்கு நேர உண்மை சொன்னவன், என்ர மகளுக்கும் சொல்லுவான்தானே" என்றாராம்.

செத்தவீட்டுக்குப் போனாலும் வெளியில் பந்தலுக்குள் இருந்து செத்தவரைப் பற்றிக் கதைக்கமாட்டார். நேரே உள்ளே போவார். ஒரு முதிய வாள்காரர் காய்ச்சலில் மோசம்போனபோது நானும் கூடப் போனேன். ஐயா பிணத்துக்குப் பக்கத்தில் நின்று, கந்தோரில் கதைக்கிற அதே குரலில் சொன்னார்: "நீர் நல்ல வேலைகாரன். போன வருசம் உம்மட லீவை நான் வெட்டினது பிழை எண்டு இப்ப நினைக்கிறன்." சொல்லிவிட்டு வந்துவிட்டார். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எனக்கு அன்றைக்கு அது கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. இந்த மனிசனுக்கு எங்கேயோ ஒரு ஆணி கழன்றிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

இனிச் சங்கத்துக்கு வருகிறேன்.

வன்னியில் ஆளணி வேலை செய்கிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். அரசாங்கக் கச்சேரியில் ஒரு கிளாக்கர், நீர்ப்பாசன வேலைத்தலத்தில் ஒருவர், கூட்டுறவுச் சங்கத்தில் ஒருவர், ஆஸ்பத்திரியில் ஒருவர், மரக்காலையில் இவர். ஒவ்வொருவரும் தனித்தனிக் காட்டில் இருந்து, மேலிடத்தாலும் ஏச்சு, வேலையாட்களாலும் ஏச்சு வாங்குகிறவர்கள். இவர்கள் எல்லாரையும் சைக்கிளில் தேடித் தேடிப் போய்ச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினவர் இவர்தான். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாங்குளம் சந்தியில் முஸ்லிம் நானா ஒருவரின் தேத்தண்ணிக்கடை மேல்மாடியில் கூட்டம். லீவுச் சட்டம் ஒன்றை எப்படி விளங்கிக்கொள்வது, விபத்துப்பட்டவனுக்கு என்ன செய்வது, குடித்துவிட்டு வேலைக்கு வருகிறவனை எப்படிக் கையாள்வது என்று ஒருவருக்கொருவர் கேட்டுப் படித்தார்கள். "வைத்தியருக்குச் சங்கம் இருக்கு, வாத்திமாருக்குச் சங்கம் இருக்கு. மனிசரை மேய்க்கிற எங்களுக்குத்தான் கேக்க ஆள் இல்லை" என்பார் கச்சேரிக் கிளாக்கர். பகிடியான ஆள் அவர்.

அந்தக் கூட்டத்திலும் ஐயா தன்னுடைய சட்டத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். படி ஏறியதும் வாசலடியில் ஒரு கதிரை எப்போதும் வெறுமையாகக் கிடக்கும். ஒரு ஆளைக் குறித்துக் கதைக்கவேண்டுமென்றால், அந்த ஆளைக் கூட்டிவந்து அதில் இருத்திவிட்டுத்தான் கதைக்கலாம். கூட்டிவர முடியாவிட்டால், சட்டத்தைப் பற்றிக் கதைக்கலாம், ஆளைப் பற்றிக் கூடாது. இதனால் அந்த மாடிக்கு வராத ஆள் இல்லை. வாய்க்கால் வெட்டுகிறவர், ஆஸ்பத்திரிச் சமையற்காரி, யானைக்காவல்காரர் எல்லாரும் வந்து, தேத்தண்ணி குடித்து, தங்களைப் பற்றித் தாங்களே கேட்டுவிட்டுப் போனார்கள். "இவரோட சங்கம் நடத்திறது, வாயைக் கட்டிப்போட்டுச் சாப்பிடச் சொல்லுற மாதிரி" என்று கிளாக்கர் சொல்வார். அவரை முன்னால் வைத்துத்தான் சொல்வார். பின்னால் சொல்லப் பயம்.

ஐயாவுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. கொழும்பில் இந்தத் தொழிலுக்கு ஒரு பெரிய சங்கம் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், மின்விசிறி, ஆங்கிலக் கூட்டம். அந்தத் தாய்ச்சங்கம் எங்கள் சந்திச் சங்கத்தைத் தன் கிளையாக ஏற்றுக்கொள்ளவேண்டும். ஏற்றுக்கொண்டால் இவர்கள் படிக்கலாம், சோதனை எடுக்கலாம், பெயருக்குப் பின்னால் எழுத்துப் போடலாம். மேலிடம் இவர்களையும் ஒரு ஆளாக மதிக்கும். அதற்காக அவர் வருடக்கணக்கில் கடிதம் எழுதினார். ஒரு மழைகாலத்தில் பதில் வந்தது. பெரியவர் ஒருவர் நேரில் வந்து ஒரு கூட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வாராம். அந்தப் பெரியவர் எங்கள் கொம்பனியின் தலைமை ஆளணி அதிகாரியும்கூட.

அதே மழைகாலத்தில்தான் எனக்குக் கெட்டகாலம் தொடங்கியது.

காட்டில் இருந்து மரம் ஏற்றிக்கொண்டு வருகிற பாதையில் ஒரு தாம்போதி இருக்கிறது. குளம் நிரம்பி வழிந்து வான் பாய்ந்தால் தண்ணீர் அந்த இடத்தில் பாதைக்கு மேலால் ஓடும். அன்றைக்கு நான் வந்தபோது அது ஆறாக ஓடியது. லொறி நிறையப் பாலை மரம். நான் நிறுத்திவிட்டேன். அக்கரையில் ஃபோர்மன் குடையோடு நின்று, "மனேச்சர் உடன வரச் சொல்லுறார்! மரம் இண்டைக்கே போகவேணும்!" என்று கத்தினார். நானும் கத்தினேன்: "அப்ப மனேச்சரை வந்து ஓட்டச் சொல்லும்!"

சொன்னேன்தானே, எனக்கு வாய் நீளம்.

லொறியில் வந்த கூலியாட்களை வெளிச்சம் இருக்கும்போதே பின்னால் இருந்த ஊருக்கு நடந்து போகச் சொல்லிவிட்டு, நான் லொறிக்குள் கிடந்தேன். கொம்பனி மரம், கொம்பனி லொறி, விட்டுவிட்டுப் போக மனமில்லை. தண்ணீர் வடிந்ததும் ஒரு கீறல் இல்லாமல் லொறியைக் கொண்டுவந்து மரக்காலைப் படலையில் நிறுத்தினேன். காவற்காரன் படலையைத் திறக்கவில்லை.

"நீங்கள் லொறியைக் காட்டில விட்டிட்டு ஓடினியளாம். வேலையால நிப்பாட்டியாச்சு" என்றான்.

"விட்டிட்டு ஓடின லொறியை ஆரடா இப்ப கொண்டு வந்தது? சைத்தானோ?"

அவன் பாவம், என்ன செய்வான். மனேச்சர் ஏற்கெனவே கொழும்புக்கு எழுதிவிட்டார். கட்டளைக்குப் பணியவில்லை, மேலதிகாரியை அவமதித்தான், லொறியைக் கைவிட்டு ஓடினான். முடிவு பெரியவர் வரும்போது என்றார்கள். அந்த மரக்காலையால் துரத்திய றைவருக்கு வன்னியில் வேறு லொறி ஒருவரும் கொடுக்கமாட்டார்கள். வீட்டில் பெண்சாதி பிள்ளைத்தாய்ச்சி. மூத்தவளுக்கு அப்போதுதான் பல் முளைக்கிறது. எனக்கு லொறி ஓட்டுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது.

நான் ஆளணி ஐயாவின் வீட்டுக்குப் போனேன். கதிரை தந்தார். அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா.

"ஐயா, பெரியவர் வரேக்க எனக்காக ஒரு நல்ல வார்த்தை சொல்லவேணும். நீங்கள் சொன்னாக் கேப்பார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீர் இல்லாத இடத்தில உம்மைப் பற்றி நல்லதும் சொல்லமாட்டன், றைவர்."

"நான் ஓடேல்லை ஐயா! அது உங்களுக்குத் தெரியாதே?"

"எனக்குத் தெரியாது. நான் அங்க நிக்கேல்லை. நான் உம்மட பக்கமும் இல்லை, மனேச்சற்ற பக்கமும் இல்லை."

"அப்ப நீங்கள் என்னத்துக்கு ஐயா இருக்கிறியள்? மனிசரைப் பாக்கிற உத்தியோகம் எண்டு சொல்லுறியள். ஒரு மனிசன் வந்து காலில விழாத குறையா நிக்கிறன்!"

அவா உள்ளேயிருந்து, "நீங்களும் ஒரு மனுசனோ?" என்று அவரைப் பார்த்து முணுமுணுத்தா. அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, கடைசியில் போட்டுக்கொண்டு, "ஞாயிற்றுக்கிழமை கூட்டம். கீழ, நானாவின்ர கடையில நில்லும்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பி வந்தேன். வழி நெடுக அவரைத் திட்டிக்கொண்டுதான் வந்தேன்.

பிறகுதான் பியோன் சொல்லித் தெரியும். எனக்கு விசாரணை வைக்கவேண்டும், என்னைக் கூப்பிட்டுக் கேட்கவேண்டும் என்று அவர் மனேச்சரோடு பெரிய சண்டையே பிடித்திருக்கிறார். மனேச்சர் கேட்காமல் கடிதத்தை அனுப்பிவிட்டார். அதை அன்றைக்கு என்னிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் அவருடைய கையைப் பிடித்து அழுதிருப்பேன். ஆனால் எப்படிச் சொல்வார்? மனேச்சர் அந்த இடத்தில் இல்லையே.

ஞாயிற்றுக்கிழமை கடையில் போய் நின்றேன். மாடிக்குப் பலகைத் தளம். மேலே கதைப்பது கீழே நல்லாகக் கேட்கும். பெரியவர் வந்திருந்தார். மனேச்சர் அவரைக் கூட்டிவந்து பக்கத்தில் இருந்தார். சங்கத்து ஆட்கள் எல்லாரும் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார்கள் என்று நானா கையால் காட்டிச் சிரித்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது. ஐயாவின் குரலில் ஒரு சின்னச் சந்தோச நடுக்கம்கூட இருந்தது. பெரியவர் நல்ல தமிழில், இடைக்கிடை ஆங்கிலம் கலந்து, இந்தத் தொழிலின் ஒழுங்கு பற்றி விளங்கப்படுத்தினார். இடையில் சொன்னார்:

"உதாரணத்துக்கு, உங்கட மரக்காலையிலயே ஒரு சாரதி. லொறியைக் காட்டில விட்டிட்டு ஓடின ஆள். இப்படியான ஆக்களில இரக்கம் காட்டினால்..."

மேலே சத்தம் நின்றது. எனக்குத் தெரியும் என்ன நடக்கிறதென்று. கண்ணாடி கழன்றிருக்கும்.

"ஆள் இல்லை" என்றது அந்தத் தாழ்ந்த குரல்.

"என்ன சொன்னீங்கள்?"

கச்சேரிக் கிளாக்கர் அவசரமாக, "அது இஞ்ச ஒரு வழக்கம் சேர், பரவாயில்லை, நீங்கள் சொல்லுங்கோ" என்றார்.

"ஆள் கீழதான் நிக்கிறார் சேர். கூப்பிடுறன். முன்னால வைச்சுக் கதைப்பம்."

பெரியவருடைய குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "இது தொழில் தெரிஞ்ச ஆக்கள் இருக்கிற சபை. றைவர்மாரை ஏத்தி வைச்சு நடத்துற கூட்டம் எண்டால், இதை நான் எப்பிடிக் கொழும்பில கிளை எண்டு சொல்லுறது? யோசிச்சுச் செய்யுங்கோ."

நானா தேத்தண்ணி ஆற்றுவதை நிறுத்திவிட்டார். அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் மனதுக்குள் சொன்னதைச் சொல்கிறேன்: கூப்பிடாதேங்கோ ஐயா. உங்கட ஆசையைப் பாருங்கோ. என்ர அல்லாஹ் எனக்கு எப்படியும் ஒரு வழி விடுவான். இதைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே மற்றப் பக்கத்தால் இன்னொன்று சொன்னது: கூப்பிடுங்கோ ஐயா, கூப்பிடுங்கோ.

படியின் தலைப்பில் வந்து நின்றார். காற்சட்டையில் அந்தக் கிளிப் கழற்றாமல் அப்படியே இருந்தது.

"றைவர், மேல வாரும்."

போனேன். வாசலடியில் கதிரை. நான் நின்றேன். "இரும்" என்றார். இருந்தேன்.

"இப்ப முதல்ல இருந்து சொல்லுங்கோ சேர்."

பெரியவர் என்னைப் பார்த்தார். பிறகு மனேச்சரைப் பார்த்தார். மனேச்சர் தொண்டையைச் செருமினார். "இவர்... இந்த ஆள்... லொறியை விட்டிட்டுப் போனதாக எனக்கு அறிவிச்சினம்."

"ஆர் அறிவிச்சது?" என்றார் ஐயா.

"ஃபோர்மன்."

"அவரும் இஞ்ச இல்லை. அதை விடுவம். நீங்கள் கண்டதைச் சொல்லுங்கோ."

மனேச்சர் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார். என்னைப் பார்க்க அவரால் முடியவில்லை. "நான் காணேல்லை" என்றார்.

ஐயா என்னுடைய பக்கம் திரும்பினார். என்னுடைய பக்கம் பேசத்தான் என்று நினைத்தேன். அவர் கேட்டது இதை: "மனேச்சரை வந்து ஓட்டச் சொல்லும் எண்டு கத்தினனீரோ?"

யா அல்லாஹ்! இதையா கேட்பது? பொய் சொல்லலாம். ஃபோர்மனும் இல்லை. ஆனால் ஆரைச் சொன்னேனோ அந்த மனேச்சர் முன்னால் இருக்கிறார். "ஓம், கத்தினனான்" என்றேன். கிளாக்கர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஏன்?"

"தண்ணி இடுப்பளவு ஓடினது ஐயா. விட்டிருந்தா மரம் மிதந்திருக்கும். லொறியும் மிதந்திருக்கும். நான் மிதக்கமாட்டன்."

"பிறகு எங்க போனீர்?"

"எங்க போறது? முன்னால தண்ணி, பின்னால யானை. லொறிக்குள்ளதான் கிடந்தனான். தண்ணி வத்தினோடன நான்தானே கொண்டுவந்து படலையில விட்டனான். காவற்காரனைக் கேளுங்கோ." அதோடு நின்றிருக்கலாம். நான் மனேச்சரைப் பார்த்து, "என்னை ஒருக்காக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே சேர்?" என்றும் கேட்டேன். மனேச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

பெரியவரைக் குறை சொல்லக்கூடாது. நியாயம் தெரிந்த மனிதர். "வாயைக் கொஞ்சம் குறையும். திங்கக்கிழமை வேலைக்குப் போம்" என்றார். நான் எழும்பி, ஆருக்குச் சலாம் சொல்கிறேன் என்று தெரியாமல் எல்லாருக்கும் சொல்லிவிட்டுப் படி இறங்கினேன்.

பெரியவரும் மனேச்சரும் காரில் ஏறிப் போக முன்னம், பெரியவர் ஐயாவின் கையைப் பிடித்து, "உங்கட மனம் எனக்கு விளங்குது. ஆனா எங்கட சபைக்கு ஒரு ஒழுங்கு இருக்கு" என்றார். ஐயா தலையை ஆட்டினார். அவ்வளவுதான். வருடக்கணக்கான கடிதமும், கழுத்துப்பட்டியும், எழுத்தும் எல்லாம் அந்த ஒரு தலையாட்டலோடு போயிற்று.

கார் மறைந்ததும் மேலே வெடித்தது. நான் கீழே அழுதுகொண்டு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். கிளாக்கரின் குரல் பலகைக்கு மேலால் இடித்தது. "எங்கள் எல்லாற்ற எதிர்காலத்தையும் கொண்டுபோய் ஒரு றைவருக்காக! அதுவும் அந்த வாயாடிக்காக!"

எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். பிறகு ஐயாவின் குரல்.

"றைவர் இறங்கிட்டார். ஆள் இல்லை."

அதன் பிறகு முதலில் சிரித்தது கிளாக்கர்தான். அழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. நானாவும் சிரித்தார். நானும் சிரித்தேன், மூக்கால் ஒழுக ஒழுக.

சங்கம் குலையவில்லை. கொழும்பு ஏற்காத சங்கமாகவே, அந்தத் தேத்தண்ணிக்கடை மாடியில், அதே வாசலடிக் கதிரையோடு நடந்தது. ஆரும் விலகவில்லை. கச்சேரியில்கூட ஒருவரைப் பற்றி இன்னொருவர் குசுகுசுத்தால் "கதிரை போடுங்கோ" என்று சொல்லிச் சிரிக்கிற வழக்கம் பரவியது. அதைப் பரப்பினவரும் கிளாக்கர்தான்.

எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. லொறி ஓட்டியே இரண்டு பேரையும் படிப்பித்தேன். தண்ணீரூற்றில் கல்வீடு கட்டினேன். இதெல்லாம் அந்தக் கதிரையில் இருந்து எழும்பி வந்தது. இதை அவரிடம் சொல்ல எத்தனையோ தரம் முயன்றேன். பாதையில் சைக்கிளை மறித்து ஒருநாள் சொன்னேன். "நான் உமக்கு ஒண்டும் செய்யேல்லை, றைவர். கதைச்சது நீர்தானே" என்று சொல்லிச் சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். உண்மைதான். எனக்காக அவர் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. எனக்காகக் கதைக்க எத்தனையோ பேர் பிறகும் வந்தார்கள். என்னைக் கூப்பிட்டு இருத்தி என் வாயாலேயே கதைக்கவிட்ட மனிதர் இவர் ஒருவர்தான்.

ஓய்வு பெற்றுக் கொஞ்சக் காலத்திலேயே அவர் காலமானார். மாரடைப்பு. நான் மன்னாருக்கு மரம் கொண்டுபோய்த் திரும்பி வருகிறேன், மாங்குளம் சந்தியில் நானா கையைக் காட்டி லொறியை மறித்துச் சொன்னார். லொறியோடு அப்படியே அவருடைய வீட்டுக்குப் போனேன். வளவு முழுக்கச் சனம். பந்தலுக்குள் கச்சேரிக் கிளாக்கர், மனேச்சர், ஃபோர்மன், வாள்காரர் எல்லாரும் இருந்து அவரைப் பற்றித்தான் கதைக்கிறார்கள். நல்ல கதைதான். பகிடிக் கதையும்தான். கோழிக் கதை, கலியாணக் கதை, தாம்போதிக் கதை. என்னைக் கண்டதும், "வாரும், உம்மட கதையை நீரே சொல்லும்" என்று இடம் விட்டார்கள்.

எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. உள்ளே போனேன். தலைமாட்டில் விளக்கு எரிந்தது. கண்ணாடி இல்லாமல் அவருடைய முகம் வேறு மாதிரி இருந்தது. அவருடைய மனைவி பக்கத்தில் நிலத்தில் இருந்தா. நான் நின்று, வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஐயா, வெளியில உங்களைப் பற்றித்தான் கதைக்கினம். கூடாத கதை ஒண்டும் இல்லை, யோசியாதேங்கோ. எழும்பி வர ஏலாது எண்டு தெரியும். அதுதான் நான் வந்து சொல்லுறன். அண்டைக்கு உங்கட வீட்டில தந்த தேத்தண்ணியைக் குடியாமப் போட்டன். வழி நெடுக உங்களைத் திட்டினனான். உங்களுக்குப் பின்னால திட்டினது பிழை. என்ர பிள்ளையள் ரெண்டும் சுகமா இருக்குதுகள். நீங்கள்தான் ஐயா காரணம். இல்லை எண்டு இப்ப சொல்ல மாட்டியள்தானே."

சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். அவா என்னுடைய கையைப் பிடித்து நிறுத்தினா.

"காலமை துவக்கம் எத்தினை சனம் வந்திட்டுது தம்பி," என்றா. "எல்லாரும் என்னோட அவரைப் பற்றிக் கதைச்சிட்டுப் போகினம். அவரோட கதைச்சது நீங்கள் ஒராள்தான்."

எழும்பிப் போய், சுவரோரம் கிடந்த கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து அவருக்குப் பக்கத்தில் வைத்தா.

"நிண்டு என்னத்துக்குக் கதைக்கிறியள்? இருந்து கதையுங்கோ."